திரும்பு சவாரி

2009 பிப்ரவரி 3, செவ்வாய்

வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, தலையில் நீல விளக்கு வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கார் மாதிரி தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. அரசாங்கத்து இலவச ஆம்புலன்ஸ். போன் போட்டால் வீட்டு வாசலுக்கே வருமாம். காசு கிடையாதாம். உள்ளே ஆக்ஸிஜனாம், ஊசி போட நீலச் சட்டை போட்ட நிர்மலா என்று ஒரு பெண்ணாம். ஊரே கூடி நின்று வாயைப் பிளக்கிறது.

நாங்கள் மூன்று பேரும் எதிர்ப் புளியமரத்தடியில் நின்று பார்த்தோம். நான், ஜெயசீலன், காஜா மைதீன். மூவருக்கும் சொந்த வண்டி, வாடகை ஆம்புலன்ஸ். வரிசையில் முன்னால் நிற்கும் வண்டிக்கு முதல் சவாரி, அடுத்தது அடுத்தவனுக்கு. எங்கள் ஸ்டாண்டில் அதில் பிசகே கிடையாது. இன்று எந்த வரிசையையும் யாரும் கேட்கவில்லை.

"வண்டி நல்லாத்தாண்ணே இருக்கு" என்றான் ஜெயசீலன்.

"நல்லாருந்தா போயி அதைக் கட்டிக்கிட்டு அழு" என்றேன்.

என் மெட்டடார் கிழடுதான். ஆனால் சாவியை ஒரு திருப்பு, அவ்வளவுதான், உறுமிக்கொண்டு கிளம்பும். இன்றுவரை எந்த நோயாளியையும் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றதில்லை. சந்தேகம் இருப்பவன் ஊரில் எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும்.

சுகந்தி இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் வீட்டுக்காரி ஒச்சம்மாள் குறைப்பட்டாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் மகள். மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். கொய்யாப்பழம் கேட்டாளாம். நாளைக்கு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

வர்த்தகர் சங்கச் செயலாளர் தனுஷ்கோடி ஸ்டாண்டுக்கு வந்தார். இலவச வண்டிக்கு விழா எடுக்கிறார்களாம், விழா மலர் அச்சடிக்கிறார்களாம். "சங்கிலி, நீதான் இங்க மூத்த டிரைவர். நம்ம வட்டாரத்துல ஆம்புலன்ஸ் வந்த வரலாற்றை ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்றார். என் வாயில் நானே வாய்க்கரிசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வரலாறு தெரியாமலா இருக்கிறேன்? முதலில் கயிற்றுக் கட்டில். மலையடிவாரத்தில் எவனையாவது பாம்பு கடித்தால் கட்டிலோடு தோளில் தூக்கி மெயின் ரோடு வரை ஓட வேண்டும். பாதி வழியில் கடிபட்டவன் எழுந்து "என்னைய இறக்குங்கடா, நடந்தே வர்றேன்" என்று கத்திய கதையெல்லாம் உண்டு. என் அப்பா கட்டில் தூக்கியவர். அவர் வலது தோளில் கட்டை மாதிரி ஒரு காய்ப்பு இருந்தது.

அப்புறம் எஸ்டேட் ஜீப். மேனேஜர் வீட்டு நாய்க்கு வாந்தி என்றால் கீழே இறங்கும். கூலிக்காரிக்குப் பிரசவம் என்றால் டீசல் இல்லை என்பார்கள். பிறகு மிஷன் ஆஸ்பத்திரி வேன் கொஞ்ச காலம் ஓடியது. அந்த டிரைவர் பாதி வழியில் நிறுத்தி ஜெபம் செய்வார். நோயாளியின் சொந்தக்காரர்கள் அதைவிடச் சத்தமாக வேண்டிக்கொள்வார்கள், வண்டியை எடுக்கச் சொல்லி.

கடைசியில் இதே வர்த்தகர் சங்கம் ஒரு மெட்டடார் வாங்கியது. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை எழுதி எழுதி ஜன்னலில் வெளிச்சம் வரவே இடமில்லை. பின்கதவில் யார் பெயர் என்பதற்கு ஒரு கைகலப்பு நடந்து, அதில் அடிபட்டவரைத்தான் முதல் சவாரியாக ஏற்றினார்கள். அந்த வண்டி ஆடிக்கு ஒருமுறை தலைவர் வீட்டு மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும், ஆவணிக்கு ஒருமுறை நோயாளியைப் பார்க்கும். ஓட்டை விழுந்ததும் என் தலையில் கட்டினார்கள். பெயர்களைச் சுரண்டி எறிந்து, நகையை அடகு வைத்து, ஓட வைத்தவன் நான். இந்த வட்டாரத்தில் முதல் தடவையாக யார் கூப்பிட்டாலும் போன வண்டி என்னுடையது. இதை எழுதிக் கொடுத்தால் மலரில் போடுவாரா தனுஷ்கோடி?

பிப்ரவரி 9, திங்கள்

சவாரி இல்லை. கண்ணாடி துடைத்தேன். சுகந்திக்குக் கொய்யாப்பழம்.

பிப்ரவரி 12, வியாழன்

இலவச வண்டியின் லட்சணம் இன்று தெரிந்தது. ஆளை ஏற்றிக்கொண்டு போகும், திரும்பக் கூட்டி வராது. பிழைத்தாலும் சரி, செத்தாலும் சரி, வீட்டுக்குக் கொண்டுவிடுவது அதன் வேலை இல்லையாம். போகிற சவாரி அவனுக்கு, திரும்புகிற சவாரி எங்களுக்கு. அதிலும் பாதி பிணம்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரியவரின் உடலை ஏற்றி வந்தேன். இறக்கிவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுக்கி, வழக்கப்படி எல்லாம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஒச்சம்மாள் தெருமுனையிலேயே சொம்போடு நின்றாள்.

"வண்டிய இங்கனயே நிறுத்துங்க. வீட்டுக்கிட்ட கொண்டாராதீங்க. புள்ளத்தாச்சி இருக்கால்ல."

"எப்பவும் எங்க நிக்கிதோ அங்கதான் நிக்கும்."

"எப்பவும் பொணம் மட்டுமா ஏத்துனீங்க? எம்மக இந்த வண்டியில ஏற மாட்டா, இப்பவே சொல்லிட்டேன்."

"பின்ன எதுல போவா? பிளேன்லயா?"

சுகந்தி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வண்டியைப் பிணவண்டி ஆக்கியது யார்? அந்த வெள்ளை வண்டிக்காரன். கோபம் மட்டும் என் மேல்.

பிப்ரவரி 16, திங்கள்

ஸ்டாண்டில் கூடிப் பேசினோம். நான்தான் சொன்னேன், ஒளிக்க என்ன இருக்கிறது? போகும்போது இலவச வண்டியைக் கூப்பிட்ட வீட்டுக்குத் திரும்பி வர நம் வண்டி கிடையாது. உயிரோடு வந்தாலும் இல்லை, உயிரில்லாமல் வந்தாலும் இல்லை. ரெண்டு வீடு நடுரோட்டில் நின்றால் மூன்றாவது வீடு தானாக நம்மிடம் வரும்.

"பொணத்துக்குமா மாமா?" என்றான் காஜா.

"பொணத்துக்குத்தான் முக்கியமா. அப்பத்தான் உறைக்கும்."

சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தோம். நானும் காஜாவும் உள்ளங்கையால் தீயை அணைத்தோம். காஜாவுக்கு அது வழக்கம் இல்லை, எனக்காகச் செய்தான். ஜெயசீலன் சூடத்தைத் தொட மாட்டேன் என்று ஸ்டியரிங்கில் கை வைத்துச் சத்தியம் செய்தான். பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்கிற வண்டிக்காரர்களிடமும் போனில் சொல்லிவிட்டேன்: எங்கள் ஊர்ப் பக்கம் சவாரி என்றால் சங்கிலியைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது. அவர்களுக்கும் வெள்ளை வண்டி மேல் எரிச்சல்தான். உடனே ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரி 21, சனி

கீழத்தெரு பேச்சியம்மாளின் புருஷன் இறந்துவிட்டான். நெஞ்சுவலி என்று நேற்று இலவச வண்டியில் போனவன். பேச்சியின் தம்பி காலையில் ஸ்டாண்டுக்கு வந்தான். வரிசையில் என் வண்டிதான் முதலில் நின்றது.

"அண்ணே, மச்சானைக் கொண்டாரணும். அக்கா அங்கன தனியாக் கெடக்கு."

"போறப்ப எதுல போனாரு?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "அவசரத்துல கூப்பிட்டோம்ணே. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. எது மொத வருமோன்னு..."

"மொத வந்ததையே திரும்பவும் கூப்பிடு."

காலில் விழப் போனான். நான் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். சத்தியம் என்றால் சத்தியம். முதல் ஆளுக்கே இளகினால் அப்புறம் எதற்குச் சூடம்?

சாயங்காலம் தக்காளி ஏற்றுகிற மினிவேனில், காலிப் பெட்டிகளுக்கு நடுவில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். ஒச்சம்மாள் துக்கம் கேட்கப் போய்விட்டு வந்து தலைக்கு ஊற்றினாள். சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

சவாரி இல்லை. வண்டியின் பின்கதவுக்குக் கீல் மாற்றினேன்.

வீட்டில் பேச்சு இல்லை. குழம்பில் உப்பு அதிகம் என்றேன், அதற்கும் இல்லை. சுகந்திதான் இடையில் நின்று "அப்பா, அம்மா அரிசி வாங்கியாரச் சொன்னாங்க" என்கிறாள். அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள், எனக்குக் கேட்கிற தூரத்தில். சரி, எத்தனை நாளைக்கு என்று நானும் பார்க்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

விழா நடந்தது. நான் போகவில்லை. வேண்டுமென்றே விழாப் பந்தலுக்கு எதிரில் வண்டியை நிறுத்திக் கழுவினேன். தனுஷ்கோடி மைக்கில் "அந்தக் காலத்தில் நமக்கு எந்த வசதியும் இல்லை" என்றார். இந்த மனிதரின் அம்மாவை நெஞ்சுச் சளியோடு இடிமழையில் கொண்டுபோனவன் பக்கெட்டோடு எதிரில் நிற்கிறேன். எந்த வசதியும் இல்லையாம்.

காஜா சொன்னான், பேச்சி வீட்டுக்குப் பிறகு கீழத்தெருவில் எவனும் நம் முகத்தில் முழிப்பதில்லையாம். முழிக்காவிட்டால் போகட்டும். கூப்பிட்டால் போதும்.

ஒருவரும் கூப்பிடவில்லை.

மார்ச் 5, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள்.

மதியம் ஸ்டாண்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து சுகந்திக்கு வலி கண்டிருக்கிறது என்றான். அதே நேரம் வாசலில் நின்ற வெள்ளை வண்டியும் கிளம்பியது. எங்கே போகிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. குறுக்குச் சந்து வழியாக விரட்டி அதற்கு முன்னால் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். ஒரு வண்டி மட்டும் போகிற தெரு. வீட்டுக்குச் சற்று முன்பே நிறுத்திப் பின்கதவைத் திறந்து வைத்தேன். வெள்ளை வண்டி தெருமுனையில் எனக்குப் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது.

ஒச்சம்மாள் மகளைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சுகந்தியின் முகம் வெளிறிக் கிடந்தது. சேலையெல்லாம் ஈரம்.

"ஏறு தாயி" என்றேன்.

"வண்டிய எடுங்க" என்றாள் ஒச்சம்மாள். இத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "பின்னாடி வண்டி நிக்கிது."

"கழுவியிருக்கேன். மஞ்சத்தண்ணி தெளிச்சிருக்கேன். புதுத் துணி விரிச்சிருக்கேன். பெத்த அப்பன் வண்டி இது."

"பேச்சி புருசனுக்கு வராத வண்டி எம்மகளுக்கு எதுக்குய்யா? எடுய்யா வண்டிய!"

முப்பது வருஷத்தில் அவள் என்னை 'யா' போட்டுப் பேசியதில்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய வண்டி, சில சமயம் அப்படித்தான். ஸ்டார்ட் ஆகாத வண்டியை நான் என்ன தலையிலா தூக்கிக்கொண்டு போவேன்?

நிர்மலா என்கிற அந்தப் பெண் ஓடிவந்து, "ஐயா, தண்ணி ஒடைஞ்சிருச்சு, நேரமாக்காதீங்க, ஸ்ட்ரெச்சர் நுழைய மாட்டேங்குது" என்று என் கதவைத் தட்டினாள். எனக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். பக்கத்து வீட்டு ஆட்கள் தள்ளுகிறோம் என்று வந்தார்கள். கியரில் கிடந்தது போல, நகரவில்லை.

கடைசியில் சுகந்தி நடந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டி, என் வண்டியை உரசிக்கொண்டு. நடுவில் ஒருமுறை அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினார்கள். திறந்து கிடந்த பின்கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவை விட்டுவிட்டு நடந்தாள்.

"அப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். வலியில் எல்லோரும் அப்பா அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர்கள் போன பிறகு வண்டியை ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

வழியிலேயே, ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, அந்த நிர்மலாதான் பிரசவம் பார்த்தாளாம். பெண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லையாம், அப்புறம் லேசாக முனகியதாம். பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மருமகன் திருப்பூரிலிருந்து நேராக அங்கே போய்விட்டார். போனில் சொன்னார். டாக்டர் கொஞ்சம் தாமதம் என்று ஏதோ சொன்னாராம். டாக்டர்கள் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்?

நான் போகவில்லை. போனால் எந்த வண்டியில் போவது? ஒச்சம்மாள் உள்ளே விடுவாளா?

"சங்கிலியண்ணே, பேத்தியாம்ல" என்றான் ஜெயசீலன். ஆமாம் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தான்.

மூக்கு யாருடையது என்று மருமகனிடம் கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

பிள்ளைக்கு இழுப்பு வந்து நின்றதாம்.

ஜவுளிக்கடையில் சின்ன வெள்ளைத் துணி மெத்தை ஒன்று வாங்கினேன். வண்டி ஸ்ட்ரெச்சர் மேல் விரித்துப் பார்த்தேன். கூட்டி வரும்போது தேவைப்படும்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் ஸ்டாண்டில் இருக்கும்போது மருமகன் போன் செய்தார். "மாமா, பிள்ளை போயிருச்சு" என்றார். அதற்குப் பிறகு அழுதார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுகந்தியை இன்னும் விடவில்லை, இவர் அவள் கூட இருக்க வேண்டும். பிள்ளையை நம் மண்ணில்தான் வைக்க வேண்டும் என்று ஒச்சம்மாள் ஒற்றைக்காலில் நின்றாளாம். துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம்.

"வாசல்ல நிக்கிற வண்டியெல்லாம் கேட்டோம், மாமா. எந்த ஊரு, வர்றப்ப எதுல வந்தீகன்னு கேட்டாங்க. சொன்னோம். எடுக்க மாட்டோம்னுட்டாங்க. யாரோ சங்கிலின்னு ஒருத்தரு சொல்லாம எடுக்கக் கூடாதாம்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் அவரு பொண்டாட்டின்னு அத்தை சொல்லலை, மாமா. பேசாமத் திரும்பிட்டாங்க. என்னையும் சொல்ல விடலை. ஆட்டோக்காரங்க பொணம்னா வர மாட்டேங்குறாங்க. பஸ்ல ஏறிட்டாங்க."

சாவியை எடுத்தேன். காஜா எதிரில் வந்து நின்றான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "போங்க மாமா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பேச்சியின் தம்பி எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். அவனும் ஒன்றும் கேட்கவில்லை.

பாதி வழியில், சந்தைமேட்டு நிறுத்தத்தில் அந்தப் பஸ்ஸைப் பிடித்தேன். வண்டியை ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒச்சம்மாள் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்தாள். மடியில் பச்சைத் துணி. முகத்தை மூடாமல் நெற்றியில் மட்டும் துணியை இழுத்துவிட்டிருந்தாள், வெயில் படாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கூடையைத் தன் பக்கம் நகர்த்திக் கொடுத்தாள், குழந்தைக்கு இடிக்கக் கூடாது என்று.

பேத்தியை முதல் தடவையாக அங்கேதான் பார்த்தேன். மூக்கு சுகந்தியின் மூக்கு.

"ஒச்சு, எறங்கு. வண்டி நிக்கிது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஊர் பேர் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, மெதுவாகத்தான் சொன்னாள்:

"சத்தம் போடாதீங்க. புள்ள தூங்குது."

பக்கத்துப் பெண், "ஆமாண்ணே, சத்தம் போடாதீங்க, பச்சை மண்ணு" என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. என் வண்டி சந்தைமேட்டில் பின்கதவு திறந்தபடி நின்றது. நான் இறங்கவில்லை. வளைவுகளில் கூட்டம் சரிந்தது. யார் இடித்தாலும் என் முதுகில் இடிக்கட்டும் என்று ரெண்டு கம்பிகளையும் பிடித்து அவள் சீட்டை மறித்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் வந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

கண்டக்டர் வந்தார். எனக்கு ஒன்று என்றேன். ஒச்சம்மாளின் டிக்கெட்டைப் பார்த்தார். மடியில் இருந்ததை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கைக்குழந்தைக்கு டிக்கெட் வேணாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.